மெதுவாக நடக்கும் பேரழிவுக்குள் வளர்வது: உங்கள் அனுபவம் என்ன?

தூறல் எழுதியது:

நான் பிறந்தது 2004இல். "இந்தப் பருவநிலை விஷயம் உங்கள் தலைமுறைக்குப் பெரிய பயமாக இருக்குமே?" என்று பெரியவர்கள் கேட்கிறார்கள். ஆமாம் என்று சொன்னால் அவர்களுக்குப் புரிந்துவிடும், பேச்சும் அதோடு முடிந்துவிடும். எனக்குள் இருப்பதைப் பயம் என்று மட்டும் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இந்த இழை.

போருக்குத் தேதி இருக்கிறது. நிலநடுக்கத்துக்கு மணி, நிமிடம்கூட உண்டு. அதற்கு முன், அதற்குப் பின் என்று வாழ்க்கையைப் பிரித்துச் சொல்லலாம். இதற்கு அப்படி எதுவுமில்லை. ஆரம்பப் பள்ளியில் புவி வெப்பமாதல் என்பது எதிர்காலத்தில் வரக்கூடிய ஆபத்து. கல்லூரிப் புத்தகத்தில் அது ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது. நடுவில் எந்த வருடம் இந்தப் பக்கம் வந்தது என்று யாரும் சொல்லவில்லை.

2018இல் ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசியின் 1.5 டிகிரி அறிக்கை வந்தபோது எனக்கு 14 வயது. "இன்னும் 12 வருடம்தான்" என்று எங்கு பார்த்தாலும் பேச்சு. 2030இல் எனக்கு 26 ஆகும், அதோடு எல்லாம் முடிந்தது என்ற எண்ணத்தோடேயே படித்தேன், தேர்வு எழுதினேன், நண்பர்களோடு சண்டை போட்டேன். பிறகு 2025 ஜனவரியில் உலக வானிலை அமைப்பு அறிவித்தது: பதிவுகளிலேயே மிக வெப்பமான ஆண்டு 2024, தொழிற்புரட்சிக்கு முந்தைய அளவைவிட 1.5 டிகிரிக்கு மேல் போன முதல் ஆண்டும் அதுதான். அன்று என்னைச் சுற்றியிருந்த யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் எல்லாரும் வழக்கம்போல வேலைக்குக் கிளம்பினார்கள். செய்தியைவிட அந்த மறுநாள்தான் என்னை அதிகம் உலுக்கியது.

அடுத்த முப்பது வருடத்துக்குத் திட்டம் போடும் வயதில் இருக்கிறேன். என்ன படிப்பது, எங்கே வாழ்வது, குழந்தை பெற்றுக்கொள்வதா வேண்டாமா. இதையெல்லாம் எதை நம்பி முடிவு செய்வது? எந்த வயதுக்காரரும் எழுதலாம்.

---

பழைய பேனா எழுதியது:

தம்பி, நான் 1961இல் பிறந்தவன். எங்களுக்கும் ஒன்று இருந்தது, அணுகுண்டு. எனக்கு ஒரு வயதானபோது கியூபா ஏவுகணை நெருக்கடி. இளைஞனாக இருந்தபோது, 1983 செப்டம்பரில், சோவியத் எச்சரிக்கைக் கருவி ஏவுகணைகள் வருவதாகத் தவறாகக் காட்டியது. பணியில் இருந்த பெத்ரோவ் என்ற அதிகாரி அதை நம்பாமல் இருந்ததால் உலகம் தப்பியது. இது எங்களுக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது. ஆனால் அப்படி ஏதோ நடக்கும் என்ற நினைப்பு எப்போதும் இருந்தது. முப்பது வயதைப் பார்க்க மாட்டோம் என்று பேசிக்கொண்டவர்கள் நாங்கள். இன்று பேரப்பிள்ளைகளோடு இருக்கிறேன்.

உன் கவலையைச் சின்னதாக்குவதற்காக இதைச் சொல்லவில்லை. உலகம் முடியப்போகிறது என்ற எண்ணத்தோடும் ஒரு முழு வாழ்க்கையை வாழ முடிந்தது, அவ்வளவுதான். இளமையை இதற்குக் கொடுத்துவிடாதே.

---

வினாக்குறி எழுதியது:

ஐயா, உங்கள் அக்கறை புரிகிறது. ஆனால் இந்த ஒப்பீட்டை நான் ஏற்கவில்லை.

குண்டு விழ வேண்டும் என்றால் யாராவது ஒருவர் அதை ஏவ வேண்டும். எல்லாரும் சும்மா இருந்தால் உலகம் பிழைத்துக்கொள்ளும். இங்கே நேர்மாறு. எல்லாரும் நேற்றுச் செய்ததையே இன்றும் செய்தால் போதும், அழிவு தானாக நடக்கும். விளக்கைப் போடுவது, வண்டியை எடுப்பது, வீடு கட்டுவது என்று சாதாரண வாழ்க்கையே அதைச் செய்துகொண்டிருக்கிறது. இயல்பு வாழ்க்கையை எங்களிடம் ஆறுதலாக நீட்டினால் எப்படி வாங்கிக்கொள்வது? பிரச்சினையின் ஊற்றே அதுதானே.

அடுத்தது, தெரிந்தே நடந்தது. காற்றில் கார்பன் டை ஆக்சைடு கூடினால் பூமி எவ்வளவு சூடாகும் என்று ஸ்வாந்தே அர்ஹீனியஸ் 1896இலேயே கணக்குப் போட்டார். சார்ல்ஸ் டேவிட் கீலிங் 1958இல் ஹவாயின் மௌனா லோவா மலையில் அளக்கத் தொடங்கியபோது அது பத்து லட்சத்தில் சுமார் 315 பங்கு. இன்று 420ஐத் தாண்டிவிட்டது. 1988இல் ஜேம்ஸ் ஹான்சன் அமெரிக்க செனட் குழுவின் முன் உட்கார்ந்து, வெப்பமாதல் தொடங்கிவிட்டது என்று வெளிப்படையாகச் சாட்சி சொன்னார். அதே ஆண்டு ஐபிசிசி அமைக்கப்பட்டது. அதற்குப் பிறகு என்ன நடந்தது தெரியுமா? நிலக்கரி, எண்ணெய், எரிவாயுவிலிருந்து மனிதகுலம் இதுவரை வெளியேற்றிய கார்பன் டை ஆக்சைடில் பாதிக்கும் மேல் 1990க்குப் பிறகு வந்தது. அறியாமல் செய்த காலத்தைவிட அறிந்து செய்த காலத்தில்தான் அதிகம்.

அதனால் தூறல் சொல்ல வருவது எனக்குப் புரிகிறது. பயத்தைத் தாங்கிக்கொள்ளலாம். நமக்கு முன்னால் இருந்தவர்களுக்குத் தெரிந்திருந்தது என்பதைத்தான் விழுங்க முடியவில்லை.

---

அலைவரிசை எழுதியது:

காலநிலைத் தரவுகளோடு வேலை செய்கிறவள் நான். முதலில் அந்த 12 வருடக் கதை. ஒரு தலைமுறையே அதைக் கெடு என்று நினைத்துக்கொண்டு வளர்ந்துவிட்டது. அது என்னை நிஜமாகவே வருத்துகிறது.

2018 அறிக்கை சொன்னது இது: வெப்பமாதலை 1.5 டிகிரியில் நிறுத்த வேண்டுமானால் கார்பன் டை ஆக்சைடு உமிழ்வு 2010 அளவிலிருந்து 2030க்குள் சுமார் 45 சதவீதம் குறைய வேண்டும், 2050 வாக்கில் நிகர பூஜ்யம் ஆக வேண்டும், அதாவது வெளியேற்றும் அளவும் காற்றிலிருந்து எடுக்கும் அளவும் சமமாக வேண்டும். 2030இல் உலகம் முடியும் என்று அதில் எங்கேயும் இல்லை. 1.5ஐத் தாண்டினால் அந்தப் பக்கம் பள்ளத்தாக்கு என்றும் இல்லை. வெப்பமாதலை 1.5 டிகிரிக்குள் நிறுத்த முயல்வோம் என்று நாடுகள் 2015இல் போட்ட பாரிஸ் ஒப்பந்தம் பேசுவது பல ஆண்டுச் சராசரியை. அதனால் 2024 என்ற ஒரே ஆண்டு தாண்டியதால் ஒப்பந்த வரம்பு உடைந்துவிட்டதாக ஆகாது. ஆனால் அந்த வரம்புக்கு மிக அருகில் வந்துவிட்டோம், அதை நான் மழுப்ப விரும்பவில்லை.

அப்படிப் பள்ளம் எதுவும் இல்லை என்றால் என்ன இருக்கிறது? ஒவ்வொரு பத்தில் ஒரு டிகிரியிலும் நஷ்டம் கூடிக்கொண்டே போகிறது. பவளப்பாறைகளைப் பாருங்கள். 1.5 டிகிரியில் 70 முதல் 90 சதவீதம் போய்விடும் என்பது கணிப்பு, 2 டிகிரியில் 99 சதவீதத்துக்கும் மேல். அந்த அரை டிகிரிக்குள்தான் கொஞ்சமாவது மிஞ்சுவதும் அநேகமாக ஒன்றுமே மிஞ்சாமல் போவதும் இருக்கிறது. 'காலம் கடந்துவிட்டது' என்ற பேச்சு எந்த டிகிரியிலும் சரியாக இருக்காது. 2.4க்கும் 2.5க்கும் நடுவில்கூடக் காப்பாற்ற ஏதாவது இருக்கும்.

பல இளைஞர்களுக்குத் தெரியாத இன்னொன்று உண்டு. இன்று உமிழ்வு நின்றாலும் பல பத்தாண்டுகளுக்கு வெப்பம் ஏறிக்கொண்டேதான் இருக்கும் என்று நினைக்கிறார்கள். இப்போதைய புரிதல் அப்படி இல்லை. கார்பன் டை ஆக்சைடு உமிழ்வு நிகர பூஜ்யத்தை எட்டினால் வெப்பநிலை ஏறுவது சில ஆண்டுகளில் ஏறத்தாழ நின்றுவிடும். கடல் வெப்பத்தை உறிஞ்சுவது குறையக் குறைய மிச்சமிருக்கும் வெப்பமாதல் வெளிப்படப் பார்க்கும், கடலும் காடும் காற்றிலிருந்து கார்பனை எடுத்துக்கொள்வது பூமியைக் குளிர்விக்கப் பார்க்கும், இரண்டும் ஒன்றையொன்று கிட்டத்தட்டச் சரிக்கட்டிவிடுகின்றன. ஏறிய வெப்பம் இறங்காது, உண்மைதான். கடல் மட்டம் பல நூற்றாண்டுகளுக்கு உயரும், அதுவும் உண்மை. ஆனால் வெப்பநிலை எங்கே போய் நிற்கும் என்பது இனி வெளியேற்றப்போவதைப் பொறுத்தது.

பாரிஸ் ஒப்பந்தத்துக்கு முன்னால் இந்த நூற்றாண்டின் முடிவில் 4 டிகிரியை ஒட்டிப் போகும் பாதையில் இருந்தோம். இப்போதைய கொள்கைகள் அப்படியே தொடர்ந்தால் ஏறத்தாழ 3. அதுவும் பயங்கரமான எண்தான். ஆனால் அந்த ஒரு டிகிரி தானாகக் குறையவில்லை. 2010 முதல் 2019 வரை சூரிய மின்சாரத்தின் செலவு 85 சதவீதம் குறைந்தது, லித்தியம் அயான் பேட்டரியும் அதே அளவு. அதன் பின்னால் ஆராய்ச்சி, மானியம், சட்டம், தெருப் போராட்டம் எல்லாம் இருக்கின்றன.

தூறல், 26 வயதோடு எதுவும் முடியவில்லை. அதற்குப் பிறகும் ஐம்பது வருடம் இருக்கிறது. அதற்குத் திட்டம் போடுங்கள்.

---

வகுப்பறை எழுதியது:

ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். என் வகுப்பில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

ரீடிங் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எட் ஹாக்கின்ஸ் 2018இல் வெளியிட்ட வெப்பக் கோடுகள் படத்தைப் பார்த்திருப்பீர்கள். எண் கிடையாது, எழுத்து கிடையாது, ஒவ்வொரு ஆண்டுக்கும் ஒரு செங்குத்துக் கோடு. குளிர்ந்த ஆண்டு நீலம், வெப்பமான ஆண்டு சிவப்பு. அச்சிட்ட படத்தைக் காட்டாமல் பிள்ளைகளையே வரையச் சொன்னேன். ஆளுக்குச் சில ஆண்டுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு காகிதப் பட்டை. எந்த அளவுக்கு எந்த நிறம் என்று பலகையில் எழுதிப்போட்டேன்.

நீலம் கிடைத்தவர்கள் சீக்கிரம் முடித்துவிட்டார்கள். அடர் நீலம், வெளிர் நீலம் என்று பென்சில்கள் நிறைய இருந்தன. கடைசி ஆண்டுகள் கிடைத்தவர்கள் மட்டும் ஒரே அடர் சிவப்புப் பென்சிலுக்காக வரிசையில் நின்றார்கள். அது கை மாறி மாறி, சீவிச் சீவிக் கட்டையாகிவிட்டது. 2024 யாருக்கு வந்ததோ அந்தப் பையன் எழுந்து கேட்டான்: "டீச்சர், இதற்கு மேல் பெட்டியில் நிறம் இல்லையே, நான் என்ன போடட்டும்?" கடைசியில் சிவப்பின் மேல் கறுப்பைத் தேய்த்தான். அழுத்தித் தேய்த்ததில் பட்டை நடுவில் கிழிந்துவிட்டது.

ஆனால் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது வேறு ஒரு பெண்ணின் கேள்வி. அவளுக்கு 1908, 1909 பக்கம் விழுந்திருந்தது, எல்லாம் அடர் நீலம். "அப்போது இருந்தவர்களுக்கு ரொம்பக் குளிராக இருந்திருக்குமா?" என்றாள். இல்லை, அவர்களுக்கு அதுதான் சாதாரணம் என்றேன். உடனே, "அப்போ எங்களுக்கு இதுதான் சாதாரணமா?" என்று கேட்டாள்.

மீன்வள அறிஞர் டேனியல் பாலி 1995இல் எழுதியது இதைத்தான். ஒவ்வொரு தலைமுறை ஆய்வாளரும் தான் வேலையைத் தொடங்கியபோது கடலில் இருந்த மீன் வளத்தையே அளவுகோலாக வைத்துக்கொள்கிறார். அதற்கு முந்தைய இழப்பு கணக்கிலேயே வருவதில்லை. தலைமுறைக்குத் தலைமுறை அளவுகோல் நகர்ந்துகொண்டே போகிறது. தூறல் கேட்ட 'எந்த வருடம்' என்ற கேள்விக்கு விடை கிடைக்காததற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். 1985க்குப் பிறகு, 20ஆம் நூற்றாண்டின் சராசரியைவிடக் குளிர்ந்த மாதம் ஒன்றுகூட உலக அளவில் வரவில்லை. என் பிள்ளைகளின் அப்பா அம்மாக்களில் பலரே அப்படி ஒரு மாதத்தை வாழ்ந்து பார்த்ததில்லை. எது மாறியது என்று வீட்டில் யார் சொல்வது?

பாடப்புத்தகம் தரும் விடைகளும் எனக்கு உறுத்துகின்றன. குழாயை மூடு, மரம் நடு, விளக்கை அணை. எல்லாம் நல்ல பழக்கங்கள்தான். ஆனால் பதினொரு வயதுப் பிள்ளை அதைப் படித்துவிட்டு, நான் குழாயை மூடாததால்தான் பனிப்பாறை உருகுகிறது என்று நம்பிக்கொண்டு போகிறது. எனக்கு அது அநியாயமாகப் படுகிறது.

---

சுடுமணல் எழுதியது:

இந்த இழையின் தலைப்பிலேயே எனக்கு ஒரு மறுப்பு உண்டு. 'மெதுவாக' என்பது யாருக்கு?

வெள்ளத்தில் பள்ளிக்கூடமே போன பிள்ளைக்கு இது மெதுவாக நடக்கவில்லை, ஒரே இரவில் நடந்தது. யுனிசெஃப் 2021இல் கணக்கிட்டபடி ஏறக்குறைய 100 கோடிக் குழந்தைகள் மிக அதிக ஆபத்துள்ள நாடுகளில் வாழ்கிறார்கள். மறுபக்கம், உலக உமிழ்வில் ஏறக்குறைய பாதி, மக்கள்தொகையில் பணக்காரப் பத்து சதவீதத்தினரிடமிருந்து வருகிறது. மெதுவாக என்று சொல்ல முடிவதே ஒரு வசதி. முதல் அடி வேறு யார் மேலோ விழுகிறது, நமக்குச் செய்தி மட்டும் வருகிறது.

இந்த இழையில் இதுவரை மனநிலை பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். 2019இல் தென் பசிபிக் பல்கலைக்கழகத்தின் சட்ட மாணவர்கள் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். அவர்களுடைய தீவுகளைக் கடல் தின்றுகொண்டிருக்கிறது. காலநிலையைக் காப்பது நாடுகளின் கடமையா என்று உலகிலேயே மிக உயர்ந்த நீதிமன்றத்திடம் கேட்க வேண்டும் என்று வகுப்பில் எழுந்த யோசனையை அவர்கள் விடவில்லை. வனுவாட்டு அரசு அதைக் கையில் எடுத்தது. 2023 மார்ச்சில் ஐ.நா. பொதுச்சபை அந்த நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்டுத் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜூலையில் சர்வதேச நீதிமன்றம் கருத்துரை வழங்கியது: காலநிலையைக் காப்பது நாடுகளின் சட்டக் கடமை, அதை மீறுவது சர்வதேசச் சட்டப்படி தவறு, அதற்கு இழப்பீடு கோரவும் வாய்ப்பு உண்டு. இது நாடுகளைக் கட்டுப்படுத்தும் தீர்ப்பு ஆகாது, ஆலோசனைக் கருத்துதான். ஆனாலும் இனி எந்த வழக்கிலும் அதை மேசையில் வைக்கலாம்.

அமெரிக்காவின் மொன்டானாவில் மாநில அரசுக்கு எதிராகத் தொடுத்த காலநிலை வழக்கு 2023இல் விசாரணைக்கு வந்தபோது மனுதாரர்கள் 16 பேருக்கும் வயது 5 முதல் 22 வரை. ஜெயித்தார்கள். 2024 டிசம்பரில் மாநில உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

---

மழலைமேடை எழுதியது:

எனக்கு ஏழு வயதில் மகள். போன மாதம் படுக்கப் போகும் நேரத்தில் கேட்டாள்: "நான் பெரியவளானதும் பவளப்பாறை இருக்குமா?" அலைவரிசை அக்கா எழுதிய அந்தச் சதவீதங்கள் எனக்கு அப்போதே தெரியும். ஏழு வயதுக் குழந்தையிடம் 99 என்று எப்படிச் சொல்வது? பொய் சொல்லவும் மனம் வரவில்லை. "கொஞ்சம் இருக்கும், நிறையப் போய்விடும். வெப்பத்தைத் தாங்கும் பவளங்களைத் தேடிக் கண்டுபிடித்து வளர்க்கும் ஆட்கள் இருக்கிறார்கள்" என்றேன். பவளத்தை எப்படி வளர்ப்பார்கள் என்று அடுத்த கேள்வி வந்தது. உடைந்த துண்டுகளைச் சட்டத்தில் கட்டிக் கடலுக்குள் வைப்பதைப் படமாகக் காட்டினேன். அதைப் பார்த்துக்கொண்டே தூங்கிவிட்டாள். நான் தூங்கவில்லை.

2021இல் ஒரு பெரிய ஆய்வு வந்தது. 10 நாடுகளில் 16 முதல் 25 வயது வரை உள்ள 10,000 பேரிடம் கேட்டார்கள். நான்கில் மூன்று பேர் எதிர்காலம் அச்சமூட்டுகிறது என்றார்கள். பத்தில் நான்கு பேர் குழந்தை பெற்றுக்கொள்ளத் தயங்குவதாகச் சொன்னார்கள். எல்லாரும் மேற்கோள் காட்டும் பகுதி இது. அதிகம் பேசப்படாத இன்னொன்றும் அதில் இருந்தது. அரசுகள் போதிய நடவடிக்கை எடுக்கவில்லை, நம்மைக் கைவிட்டுவிட்டன என்ற எண்ணம் எவ்வளவு இருந்ததோ அவ்வளவுக்கு மன உளைச்சலும் இருந்தது. ஆக, பெரியவர்கள் ஏதாவது செய்வதைப் பார்ப்பதுதான் பிள்ளைகளுக்கு வேண்டிய ஆறுதல். பயப்படாதே என்று தலையைத் தடவுவது போதாது. பழைய பேனா ஐயா, இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

---

பழைய பேனா எழுதியது:

தப்பாக எடுக்கவில்லை அம்மா. ஆனால் எங்கள் தலைமுறை எதையும் செய்யவில்லை என்றால் ஒப்புக்கொள்ள மாட்டேன். 1985இல் அண்டார்டிகாவுக்கு மேலே ஓசோன் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது, 1987இல் ஓசோனை அழிக்கும் ரசாயனங்களைக் கட்டுப்படுத்த மான்ட்ரியல் ஒப்பந்தம். இரண்டே ஆண்டு. பின்னர் உலகின் எல்லா நாடுகளும் சேர்ந்தன. பிற்பாடு பிறந்த பிள்ளைகளுக்கு அப்படி ஒரு ஆபத்து இருந்ததே தெரியாது. ஈயம் கலந்த பெட்ரோலை எடுத்துக்கொள்ளுங்கள். சாலை வாகனங்களுக்கு அதை விற்ற கடைசி நாடும் 2021இல் நிறுத்தியது.

---

வினாக்குறி எழுதியது:

ஓசோனை அழித்த ரசாயனங்களைத் தயாரித்த நிறுவனங்கள் கொஞ்சம், மாற்றுப் பொருளும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. நிலக்கரியும் எண்ணெயும் அப்படியா? சிமென்டில், உரத்தில், உருக்கில், கப்பலில் எல்லாவற்றிலும் இருக்கின்றன. அந்த வேகத்தை இதில் எதிர்பார்க்க முடியாது.

---

அலைவரிசை எழுதியது:

இருவர் சொல்வதும் சரி. ஒரு தகவல் மட்டும்: ஓசோனை அரித்த அந்த ரசாயனங்கள் வலுவான பசுமை இல்ல வாயுக்களும்கூட. மான்ட்ரியல் ஒப்பந்தம் இல்லாமல் இருந்திருந்தால் இன்றைய வெப்பமாதல் இன்னும் மோசமாக இருந்திருக்கும். ஓசோன் படலம் அண்டார்டிகா தவிர்த்த பெரும்பாலான பகுதிகளில் 2040 வாக்கில் 1980 நிலைக்குத் திரும்பும் என்பது கணிப்பு, அண்டார்டிகாவில் 2066 வாக்கில். ஒப்பந்தம் போட இரண்டு வருடம் ஆனது, ஆறுவதற்கு எண்பது வருடம் ஆகிறது. வளரும் பிள்ளைகளுக்கு இந்த இரண்டு கால அளவையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்பேன்.

---

தூறல் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. சுடுமணல், 'மெதுவாக' என்று சொல்வது வசதி என்றீர்கள். ஏற்கிறேன். ஆனால் மெதுவாக நடப்பதுதான் என்னைப் போன்றவர்களைச் செயலற்று வைக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அவசரம் என்று அறிவு சொல்கிறது, உடம்பு நம்புவதில்லை.

குழந்தை விஷயத்தில் எனக்கு இன்னும் முடிவு இல்லை. 2020இல் பிறந்த குழந்தை, 1960இல் பிறந்தவரைவிடத் தன் வாழ்நாளில் சுமார் ஏழு மடங்கு வெப்ப அலைகளைச் சந்திக்கும் என்று 2021இல் ஒரு ஆய்வு சொன்னது. அதுவும் நாடுகள் அப்போது கொடுத்திருந்த வாக்குறுதிகளைக் காப்பாற்றினால். இந்த எண்ணை வைத்துக்கொண்டு ஆம் என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. படிப்பு விஷயத்தில் மட்டும் தெளிவு வந்திருக்கிறது. மின்கட்டமைப்புப் பக்கம் போகப்போகிறேன். சூரிய மின்சாரம் மலிவாகிவிட்டது, அதை வேண்டிய நேரத்தில் வேண்டிய இடத்துக்குக் கொண்டுபோகும் கம்பியும் சேமிப்பும் பின்தங்கி நிற்கின்றன என்று படித்தேன். அங்கே ஆட்கள் தேவைப்படுவார்கள்.

---

மழலைமேடை எழுதியது:

வகுப்பறை டீச்சர், அந்தக் கோடுகள் பயிற்சி என் மகளின் வயதுக்கு ஒத்துவருமா?

---

வகுப்பறை எழுதியது:

ஏழு வயதுக்கு வேண்டாம். பத்துக்கு மேல் செய்யலாம். செய்தால், கிழிந்த சிவப்புப் பட்டையோடு நிறுத்திவிடாதீர்கள். நான் முதல் முறை மணி அடித்துவிட்டதால் அங்கேயே நிறுத்த வேண்டியதாயிற்று. பிள்ளைகள் முகம் வாடிப் போனது.

இப்போது இரண்டாவது வகுப்பு ஒன்றும் வைத்திருக்கிறேன். ஐபிசிசியின் 2023 தொகுப்பு அறிக்கையில் ஒரு படம் இருக்கிறது. 1950, 1980, 2020இல் பிறந்த மூன்று பேர், எழுபது வயதுவரை அவர்கள் சந்திக்கும் வெப்பம் கோடுகளாக. இன்றுவரை ஒரே பட்டை, அதற்குப் பிறகு ஐந்து பாதைகளாகப் பிரிகிறது, மிகக் குறைந்த உமிழ்விலிருந்து மிக அதிக உமிழ்வுவரை. 1950இல் பிறந்தவருக்கு அந்தப் பிரிவு வருவதற்குள் எழுபது ஆகிவிடுகிறது. 2020இல் பிறந்தவருக்கு வாழ்க்கை முழுக்கப் பிரிவுக்கு அந்தப் பக்கம்தான்.

பிரிந்த பிறகு வரும் பகுதியை நிறம் போடாமல் வெள்ளையாகப் படி எடுத்துக் கொடுக்கிறேன். ஐந்து பேர் கொண்ட குழு, ஆளுக்கு ஒரு பாதை. தன் பாதையில் என்னென்ன நடந்திருக்க வேண்டும், யார் எதைச் செய்திருக்க வேண்டும் என்று பின்பக்கத்தில் எழுதிவிட்டுத்தான் நிறத்தைத் தொடலாம். அதிக நேரம் பிடிப்பது நடுப் பாதைக்காரருக்குத்தான். அதைச் செய்தது, இதைச் செய்யவில்லை என்று எழுதி அழித்து எழுதி அழித்து உட்கார்ந்திருப்பார்கள். முழு வகுப்பு நேரமும் அதற்கே போய்விடும், போகட்டும். யாருக்காவது வேண்டுமென்றால் நான் தயாரித்த வெற்றுப் படியை இங்கே ஏற்றுகிறேன்.